கொசு இல்லாத வார்டு

கொசு ஒழிப்புப் பணியாளர் ரெஜினா, தண்ணீர் டிரம்முக்குள் நெளியும் கொசுப்புழுக்களை போனின் மேக்ரோ லென்ஸில் மீசை தெரியும் அளவுக்குப் படமெடுப்பாள். ஆனால் கேமரா செயலியிலுள்ள 'பளிச்' பொத்தானைத் தொட்டு அனுப்பாத படத்தை அலுவலகம் ஏற்காது. தொட்டால் வெளிச்சம் கூடும், அழுக்கெல்லாம் மறையும். புழுக்களும் அழுக்கில் சேர்த்திதான். ஆக, அவளுடைய வார்டில் மூன்று வருடமாகக் கொசுவே கிடையாது. அதற்காகக் கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

கேடயம் வாங்கிய மறுவாரம் மகள் ஷைனிக்குக் காய்ச்சல். கையெல்லாம் சிவப்புப் புள்ளிகள்.

"டெங்கு மாதிரி இருக்கு டாக்டர்."

டாக்டர் கணினித் திரையில் வார்டுப் பதிவைப் பார்த்தார். "உங்க வார்டுலதான் கொசுவே இல்லையேம்மா. இதோ, போன வாரம் உங்க வீட்டு டிரம். என்ன அழகான தண்ணி! யாரு எடுத்த படம்?"

"நான்தான்," என்றாள் ரெஜினா மெதுவாக. "ஆனா அதுல புழு இருந்துச்சு டாக்டர்."

"படத்துல இல்லையே. சரி, கையைக் காட்டு பாப்பா."

டாக்டர் தன் போனால் ஷைனியின் கையை நெருக்கமாகப் படமெடுத்தார். பிறகு 'பளிச்'சைத் தொட்டார்.

"பாருங்கம்மா, ஒரு புள்ளிகூட இல்ல. அடுத்த டோக்கன்!"