பின் போர்ஷன் மன்னர்

"பேதைப் பெண்ணே! போர் முரசு கொட்டிவிட்டது. இன்னுமா அந்தப்புரத்தில் அலங்காரம்?"

பின் போர்ஷனிலிருந்து ஏகாம்பரத்தின் குரல். முனிசிபாலிட்டி குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

"இதோ வந்துவிட்டேன் மன்னா!"

அதைவிடப் பெரிய குரலில் பதில் சொல்லிக்கொண்டே, குடத்தோடு ஓடினாள் அவர் மனைவி தனம். தெருவில் பூக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மதிவதனி புத்தகத்தைப் படீரென்று மூடினாள். சென்னையில் எம்.ஏ. படிக்கிறவள். லீவுக்குத் திருவண்ணாமலைக்கு வந்த நாளிலிருந்து தினமும் இதே கூத்து.

"அப்பா, இந்த ஆளை எப்படிக் குடி வெச்சீங்க?"

சுப்பிரமணி பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "அந்தக் காலத்து ராஜா படம்மா. கல்யாணம், காதுகுத்துன்னு ரேடியோ செட்டுல அந்தக் கதை வசனத்தைப் போட்டுப் போட்டு, எங்க வயசு ஆளுங்க எல்லாருக்கும் மனப்பாடம்."

"அதாம்ப்பா ஆபத்தே! என்னிக்கோ யாரோ எழுதினது. அந்த ராஜாவும் போயிட்டான், நாடும் போயிடுச்சு. 'பேதைப் பெண்ணே' மட்டும் நம்ம வீட்டுல வாடகைக்கு இருக்கு!"

"அந்தம்மா சிரிச்சுக்கிட்டுத்தான பதில் சொல்லுது?"

"அப்படிப் பழக்கி வெச்சிருக்காரு. காலையில குழாயடியில பின்னாடி நின்னு, 'இதையெல்லாம் ஏம்மா பொறுத்துக்கறீங்க'ன்னு கேட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல. அவ்ளோ பயம்! மாசக் கடைசியில காலி பண்ணச் சொல்லுங்க."

"பாவம்மா. இப்பதான் மூட்டையே பிரிச்சாங்க. இந்த வயசுல மறுபடி எங்க போய் வீடு தேடுவாங்க?"

"அப்ப நான் ஹாஸ்டலுக்குப் போறேன்."

சுப்பிரமணி பேப்பரைக் கீழே போட்டுவிட்டு, ஒரு கையை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்தார். "'கோட்டை தங்களுக்கே, மகாராணி!' போ, நீயே போய்ச் சொல்லு. பேச்சுப் போட்டியில கப்பு வாங்கினவ நீதான."

"இது வேற எந்தப் படம்?"

"அதே படந்தான். கடைசியில தூதன் வந்து ராணிகிட்ட சொல்லுவான். அந்த எடத்துல கொட்டாயே எழுந்து நின்னு விசில் அடிக்கும்."

"நீங்களுமாப்பா! செத்தாலும் அந்த வசனமெல்லாம் என் வாயில வராது."

சாயங்காலம் மதிவதனி பின் போர்ஷனுக்குப் போனாள். ஏகாம்பரம் லாட்ஜ் வேலைக்குக் கிளம்பி, வாசற்படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். உள்ளே தனம் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சார், மாசக் கடைசியில நீங்க வீட்டைக் காலி பண்ணிடணும்."

ஏகாம்பரத்தின் கை செருப்பிலேயே நின்றது. "ஏம்மா? நாங்க என்ன தப்பு பண்ணோம்?"

"கட்டின பொண்டாட்டியைத் தெருவே கேக்கற மாதிரி பேதைன்னு கூப்பிடறது தப்பில்லையா? சினிமாவுல கைதட்டினாங்கன்னா வீட்டுலயும் தட்டணுமா?" குரலை உயர்த்தினாள். "அவங்களும் கேக்கட்டும், அவங்களுக்காகத்தான் பேசறேன்!"

"அவளுக்குக் கேக்காதும்மா."

"என்ன கேக்காது?"

"காது."

முதல் தடவையாக அவர் குரல் தணிந்திருந்தது.

"கல்யாணமான புதுசுல அடி அண்ணாமலையில இருந்தோம். டென்ட் கொட்டாயில அந்தப் படம். தரையில உக்காந்து திரும்பத் திரும்பப் பார்த்தோம். அதுக்கப்புறம் இவளுக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சு. உசுரு பொழைச்சுது, காது போயிடுச்சு. மத்தவங்க வாய் அசைஞ்சா அவளுக்கு முக்காவாசி புரியாது. அந்தப் பட வசனம்னா ஒரு எழுத்து விடாம உதட்டுலயே படிச்சிடுவா. முரசுன்னா தண்ணி வந்துடுச்சு. தேர்னா டவுன் பஸ்சு. இன்னிக்கு வரைக்கும் எங்க குடித்தனம் அதுலதான் ஓடுது."

மதிவதனிக்குக் குழாயடி ஞாபகம் வந்தது. ஆனாலும் வாதத்தை விடுகிற ஆளில்லை அவள்.

"உதட்டைப் படிப்பாங்கன்னா, சும்மா வாயை அசைச்சாப் போதுமே சார். எதுக்கு அப்படிக் கத்தணும்?"

ஏகாம்பரம் உள்ளே ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"அவ பேசுற சத்தம் அவளுக்கே தெரியாதும்மா. எப்பவும் ஜாஸ்தியாத்தான் வரும். போன வீட்டுல 'செவிட்டுப் பொம்பள கத்துது பாரு'ன்னு தெருவே சிரிச்சுது. எப்படியோ அது அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. அதோட வாயையே தொறக்கல, வாசலுக்கும் வரல. அதான் இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து நானும் கத்துறேன். இப்ப சினிமாக் கிறுக்கன் வீடுன்னு என்னைத்தான் சொல்றாங்க. அவளை யாரும் எதுவும் சொல்லல பாரு."

அதற்குள் கீரையை முறத்தில் எடுத்துக்கொண்டு தனம் திரும்பினாள். வாசலில் மதிவதனியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, தெருக்கோடி வரை கேட்கும்படி கூவினாள்:

"வாசலில் யார் மன்னா? பகைவனா? தூதனா?"

ஏகாம்பரம் மதிவதனியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முன்பக்கத்திலிருந்து சுப்பிரமணி குரல் கொடுத்தார். "என்னம்மா, சொல்லிட்டியா?"

"இதோ சொல்றேம்ப்பா!"

மதிவதனி படியேறி உள்ளே போனாள். தன் உதடு தெரிகிற மாதிரி தனத்துக்கு நேரே நின்று, ஒரு கையை நெஞ்சில் வைத்துத் தலை குனிந்து நிமிர்ந்தாள். பூக்காரம்மா எட்டிப் பார்க்க, தெருவே அதிர, அடித்தொண்டையிலிருந்து கத்தினாள்:

"தூதன்தான்! கோட்டை தங்களுக்கே, மகாராணி!"