மருகா இல்ல, மறுகா

“நீங்க தின்னுங்க புள்ள. மருகா மிச்சம் இரிந்தா நான் தின்னுறன். அந்த மீன் தலைய மட்டும் எறிஞ்சிராதீங்க, எனக்கு வைங்க.”

மைக்குக்கு முன்னால் நின்ற அமுதகுமார் இதை உருக்கமாகத்தான் சொன்னார். ஆனாலும் மண்டூர்ப் பேச்சைச் சொல்லிக்கொடுக்க வந்திருந்த ரீச்சர் பிரஷாந்தி கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“மருகா இல்ல சேர், மறுகா. பிறகு எண்டு அருத்தம். நீங்க கூப்பிடுற மாதிரிக் கூப்பிட்டா மண்டூர் முருகன்தான் வந்து நிப்பார்.”

அமுதகுமார் சென்னை நடிகர். முப்பது வருடம் மேடையையும் கமெராவையும் பார்த்தவர், பத்து நாளாக ஒரு ‘ற’வுக்கு முன்னால் வியர்த்துக்கொண்டிருந்தார்.

படம் குடும்பத்தோடு பார்க்கும் நகைச்சுவைப் படம். மண்டூரில் ஒரு குடும்பம், அவர்கள் வீட்டில் அபூர்வ சக்திகள் ஏழு கொண்ட ஒரு நாய். அது வாவிக்கு மேலே பறக்கும், சுவருக்குள்ளால் பார்க்கும், கள்ளனை மணத்திலேயே பிடிக்கும். மிச்சச் சக்திகளைக் கேட்க பிரஷாந்திக்குப் பொறுமை இருக்கவில்லை. நாய் இன்னும் கணினியில் பறந்து முடியவில்லை என்பதால், படத்தை யாருக்கும் போட்டுக் காட்டவுமில்லை.

இயக்குநர் நிதுர்ஷன் புளியந்தீவில் பிறந்து வளர்ந்தவன். ஒரேயொரு வருடம் சென்னையில் சினிமா படித்தான். திரும்பி வந்த நாளிலிருந்து, தேத்தண்ணி கேட்பதென்றாலும் “ஒரு டீ சொல்லேம்பா” என்கிறான்.

அவன் வந்து உதவி கேட்டபோது பிரஷாந்தி சும்மா சம்மதிக்கவில்லை. கம்பஸில் முதல் நாள் “மறுகா வாறன்” என்று அவள் சொன்னதற்கு முழு வகுப்பும் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு நான்கு வருடம் வாயை அளந்துதான் திறந்தாள். எந்தப் படத்திலும் அவள் ஊர்ப் பேச்சை மரியாதையான ஓர் ஆள் பேசி அவள் கேட்டதே இல்லை. அந்தக் கோபம் இன்றைக்கும் ஆறவில்லை.

“சிரிப்புக் காட்டுறதுக்கெண்டா நான் வரமாட்டன் தம்பி. நாலு பேர் மதிக்கிற ஆள் எங்கட தமிழக் கதைக்கணும்” என்று கறாராகச் சொல்லியிருந்தாள்.

“சத்தியமா மேடம். அந்தக் குடும்பத்துக்கு உசிரே அவர்தான். கிளைமாக்ஸ்ல ஊரே அவரைத் தூக்கிவெச்சுக் கொண்டாடும்.”

அதோடு அவள் உருகிப்போனாள். பாடசாலை விடுமுறை முழுவதையும் இந்தக் குரல்பதிவு அறைக்கே எழுதிக் கொடுத்துவிட்டாள். அவள் கையில் கொடுத்தது அமுதகுமாரின் வசனங்கள் மட்டும் இருந்த நாலு தாள்.

அந்த நாலு தாளே அவளுக்குப் போதும். ‘அடிச்சி வெரட்டினாலும் இந்த வாசல விட்டுப் போகமாட்டன்’ என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் கண் கலங்கினாள். சதையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு மீன் தலையோடு இருக்கும் அப்பா. அவளுடைய அப்பா வினாயகமூர்த்தியும் அப்படித்தான். அவரோ மகள் சொல்லிக்கொடுத்த தமிழ் படத்தில் வரும் செய்தியை ஊர் முழுக்கப் பரப்பி, படம் வரும் நாளுக்கு இரண்டு பஸ்ஸும் பேசி வைத்துவிட்டார்.

“மறுகா மிச்சம் இரிந்தா நான் தின்னுறன்.”

வந்துவிட்டது! அச்சொட்டாக மண்டூர்க்காரர். பிரஷாந்தி பாய்ந்து கை தட்டினாள். அமுதகுமார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பரீட்சை பாஸ் பண்ணிய பிள்ளை போல வெளியே வந்தார்.

அடுத்து அம்மாவாக நடிப்பவர் மைக்குக்குப் போனார். “டேய், சீக்கிரம் கிளம்புங்கடா! ஸ்கூலுக்கு டைமாயிடுச்சு!”

பிள்ளைகள் இருவரும் “இதோ வந்துட்டோம்மா” என்றார்கள். பொலிஸ்காரர், “யார்யா நீ? இங்க இன்னா பண்றே?” என்றார். வவுணதீவில் வயல் செய்யும் மாமா பாத்திரம், “நம்ம நெலத்துல செம வெளைச்சல்பா” என்று பெருமைப்பட்டது.

பிரஷாந்தி திருத்துவதற்குப் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நிதுர்ஷனோ ஒவ்வொருவருக்கும் கட்டைவிரலை உயர்த்தி, “சூப்பர், ஓகே” என்றான்.

“இவங்களுக்கு நான் எப்ப சொல்லிக்குடுக்கிற?”

“இவங்களுக்கு வேணாம் மேடம். இதான் ஃபைனல்.”

“எனக்கு விளங்கல்ல தம்பி. ஒரே வீட்டுக்குள்ள பொண்டாட்டி சென்னை, புள்ளைகள் சென்னை. வந்து போற பொலிஸும் சென்னை. அமுதகுமார் சேர் ஒராள் மட்டும் என்னத்துக்கு எங்கட தமிழ் கதைக்கிறார்?”

நிதுர்ஷன் காதில் இருந்த ஹெட்போனைக் கழற்றினான். இவ்வளவு படித்த ரீச்சருக்கு இதுகூடவா விளங்கவில்லை என்பது போல, உண்மையாகவே ஆச்சரியப்பட்டு அவளைப் பார்த்தான்.

“மத்தவங்கல்லாம் மனுஷங்களாச்சே, மேடம்!”