கழுத்தைச் சாய்க்கும் குதிரை

குதிரையேற்றம் கற்க வந்து மூன்று வாரமாகிறது. மைதானத்தை ஒரு சுற்றுகூட நான் முழுதாகச் சுற்றியதில்லை. வேலியோரம் நிற்கும் என் கணவர் படமெடுக்கச் செல்போனைத் தூக்கியதும் இந்தக் குதிரை நின்று, கழுத்தைச் சாய்த்து, ஒரு முன்னங்காலை மடக்கித் தூக்கிக்கொள்ளும். குதிகாலால் எவ்வளவு தட்டினாலும் அசையாது. “முன்னாடி கல்யாண ஊர்வலத்துக்குப் போயிட்டிருந்துச்சு மேடம். போனைப் பாத்தா போட்டோவுக்கு நின்னுடும்,” என்றார் பயிற்சியாளர் இக்பால். “இதை மொத நாளே சொல்றதுக்கு என்ன?” என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். பிறகு கணவரிடம், “என்னங்க, அந்தக் கருமத்தை உள்ள வைங்க. இத்தனை வருஷமா என்னைப் படம் எடுத்தது போதாதா?” என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவர் போனைப் பையில் போட்டார். குதிரை கிளம்பியது. நடை ஓட்டமானது. காதோரம் காற்று இரைந்தது. வாய்விட்டுக் கத்தவேண்டும் போலிருந்தது. முக்கால் சுற்று முடிந்து வேலியருகே வந்தபோது, கண்ணில் வெயில் அடிக்கிறதென்று அவர் வெறுங்கையை நெற்றிக்கு மேல் தூக்கினார். குதிரை நின்றது. கழுத்தைச் சாய்த்து, காலைத் தூக்கியது. நான் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் தலையும் ஒருபக்கம் சாய்ந்து, உதடு சிரித்துவிட்டிருந்தது.