கூட்டத்துக்கு முதுகு

"நாம நாலு பொண்ணுங்களும் மாடி ரூம்ல வாசிச்சப்ப சரி. இப்ப ஸ்டேடியமே நிரம்புது. உங்கக்கா இன்னும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, உன்னையே பார்த்துக் காலைத் தட்டிக்கிட்டு நிக்கிறா. மானம் போகுது!" குனிந்து ஷூ லேஸைக் கட்டியபடி பொரிந்தாள் பாடகி. "இன்னிக்கே அவளைக் குழுவுலேர்ந்து தூக்கிடலாமா?"

டிரம்மர் புன்னகையோடு தலையாட்டினாள்.

வெளியே பேஸ் கிடாரோடு நின்ற அக்காவிடம் பாடகி சொன்னாள்: "உன் தங்கச்சியே சரின்னுட்டா."

"அவளா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அக்கா கிளம்பிப் போனாள்.

மேடையில் டிரம்மர் இங்குமங்கும் தேடினாள். பிறகு அடிக்கத் தொடங்கினாள்.

பாட்டு முடிந்தது. அந்தக் குழுவின் கடைசிப் பாட்டு. டிரம்ஸ் மட்டும் நிற்கவில்லை. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

பாடகி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "பைத்தியமாடி உனக்கு?"

டிரம்மர் அவளுடைய உதடுகளையே உற்றுப் பார்த்தாள்.

"எங்கக்கா எங்கே? அவ கால் தட்டாம, பாட்டு முடிஞ்சது எனக்கு எப்படித் தெரியும்?"