மூன்றாவது வரிசை

கம்போங் வலது கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனதைப் புவாசோன் பார்த்துவிட்டாள். நல்லவேளை, அதிகாரி பார்க்கவில்லை. தம்பி எதையோ மறைக்கிறான் என்பது மட்டும் அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது.

உரிமச் சோதனைக்கு வந்த அதிகாரி விதூன் மூன்றாவது செடி வரிசையில், தன் பழைய தொப்பி தொங்கிய கம்பத்தருகே நின்றிருந்தார். போன தடவை கிளம்பும்போது, “நான் இல்லாதப்ப இது உங்களைப் பாத்துக்கும்” என்று சிரித்தபடி அவரே அங்கே மாட்டிவிட்டுப் போனது. அதிகாரியின் தொப்பியைத் தொட யாருக்குத் துணிச்சல் வரும்? கம்போங் மட்டும் தினம் காலையில் அதற்கு ஒரு கும்பிடு போட்டு, “காவல்கார அய்யா, சாப்பிட்டாச்சா?” என்று கேட்பான்.

இன்றைக்குக் கேலி பேச அவனுக்கு வாய் வரவில்லை. விதூன் ஒரு கஞ்சாப் பூவைக் கிள்ளி நகத்தால் பிளந்தார். மிளகு மாதிரி ஒரு விதை உருண்டு வெள்ளைத் தட்டில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

“என்னம்மா இது?”

“விதை, சார்.”

“அது எனக்குத் தெரியாதா? எப்படி வந்துச்சுன்னு கேக்குறேன்.”

அதுதான் புவாசோனுக்கும் புரியவில்லை. பூ பான் என்ற மலையின் அடிவாரத்தில் அவர்கள் பதினோரு குடும்பம் சேர்ந்து, உரிமம் வாங்கிப் போட்ட கூடாரம் அது. நாலு பக்கமும் பிளாஸ்டிக். வாசலில் செருப்பை மாற்றி, வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டுதான் யாரும் உள்ளே வரலாம். அதிகாரிக்கும் அதே சட்டம்தான். உள்ளே அத்தனையும் பெண் செடி. ஆண் செடியின் பூந்தூள் ஒரு சிட்டிகை பட்டால்தான் விதை பிடிக்கும்.

“மொராக்கோக்காரன் விதையோடயே வளர்ப்பான்” என்றார் விதூன், அடுத்த பூவைக் கிள்ளியபடி. “அவனுக்குச் சலிச்சு எடுக்கிற பிசின் போதும். இமயமலையில உள்ளங்கையாலயே தேய்ச்சு எடுத்துடுறான். இவ்வளவு எதுக்கு, போன மாசம் இங்க வர்ற வழியில நம்ம மலை மேலயே நார்க்கஞ்சா வயலைச் சுத்திப் பாத்துட்டுத்தான் வந்தேன். ஆணும் பெண்ணும் கலந்துகட்டி ஆளுயரத்துக்கு நிக்குது. நார் உரிக்கிறவனுக்கு அதைப் பத்தி என்ன? ஆனா நம்மளது மருந்துக்குப் போற பூ. விதை பிடிச்சா வீரியம் போச்சு. எந்த ஆஸ்பத்திரி வாங்கும்?”

ஒவ்வொரு செடியாகப் பார்த்துக்கொண்டு வரிசையின் கோடி வரைக்கும் போய்த் திரும்பினார்.

“ஓரத்துல ஒண்ணுமில்லை. இந்தக் கம்பத்தைச் சுத்தித்தான் அப்பிக் கெடக்கு. இந்த வரிசை யார் பொறுப்பு?”

“நான்தான் சார்” என்றான் கம்போங்.

“கையில என்ன?”

கம்போங் விரல்களை விரித்தான். உள்ளங்கை நிறைய விதைகள்.

“முந்தாநாள்தான் சார் பாத்தேன். அக்கா பயந்துடும்னு சொல்லலை. பொறுக்கி எடுத்துடலாம்னு நெனச்சேன்.”

“நல்லா நெனச்ச. பழைய சட்டத்துல இதே செடிக்கு நாலு வருசம் உள்ள இருந்தவன்தானே நீ? நாட்டு விதை அழியக்கூடாதுன்னு கூட்டத்துல வீராவேசமாப் பேசினதும் நீதானே?”

அவன் தலை குனிந்தான். இரண்டுமே உண்மைதான்.

விதூன் ஒரு தாளையும் பேனாவையும் புவாசோனிடம் நீட்டினார். “தலைவி நீதானே, எழுது. கூடாரத்துக்குள்ள ஆண் தூளைக் கொண்டுவந்தது யாருன்னு பேரை எழுதிக் கையெழுத்துப் போடு. அந்த ஆளைப் போலீஸ் பாத்துக்கும், மத்த வரிசை தப்பிக்கும். எழுதலைன்னா உரிமம் ரத்து. மொத்தத்தையும் இன்னைக்கே வெட்டிக் கொளுத்திடுவோம்.”

வெளியே லாரி ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. அரிவாளோடு நாலு பேர் அதிலிருந்து இறங்குவது பிளாஸ்டிக் வழியே மங்கலாகத் தெரிந்தது.

“எழுதுக்கா” என்றான் கம்போங். “ஜெயில் சோறு எனக்கென்ன புதுசா?”

“சும்மா இருடா. நீ கொண்டுவந்தியா, அதை மட்டும் சொல்லு.”

“சத்தியமா இல்லக்கா.”

அவன் சின்ன வயதிலிருந்து எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறான். அப்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்க மாட்டான். இப்போது கண்கொட்டாமல் பார்த்தான். புவாசோன் தாளைப் பார்த்தாள். ஒரு பக்கம் பதினோரு குடும்பத்தின் அடுப்பு, ஒரு பக்கம் கூடப்பிறந்தவன்.

“சீக்கிரம்மா. எனக்கு வேற வேலை இருக்கு.”

பேனா முனை தாளைத் தொட்டது. ‘க’ என்று ஆரம்பிக்கப் போனவள் நிறுத்திவிட்டாள். கம்பத்தைச் சுற்றித்தான் அப்பிக் கிடக்கிறது. கம்பத்தைச் சுற்றி மட்டும் ஏன்?

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு முன்னால் போய், இந்த முப்பத்தைந்து நாளாக யாரும் தொடாத அந்தத் தொப்பியைக் கம்பத்திலிருந்து கழற்றினாள்.

“அதை எதுக்கு எடுக்குற?” என்றார் விதூன்.

புவாசோன் விதை விழுந்த தட்டை எடுத்துக் கீழே வைத்தாள். தாளைத் தட்டின் மேல் விரித்து, தொப்பியை அதன்மேல் கவிழ்த்து, மடிப்பை விரலால் இரண்டு தட்டு தட்டினாள். மஞ்சள் பொடி போல ஒரு சிட்டிகைத் தூள் தாளில் உதிர்ந்தது.

கம்போங் வாயைப் பிளந்தான். விதூனின் கை தன்னையறியாமல் தலைக்குப் போனது.

புவாசோன் பேனாவை மறுபடியும் எடுத்துக்கொண்டாள்.

“யார் பேரை எழுதட்டும், சார்?”