ஒரு தம்ளர் பால்

"இவருக்கு வாய் வழியா பால் குடுத்தது யாரு?"

டாக்டர் கேட்டதும் சுகிர்தா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

கட்டிலில் ஜேசுதாசன் கண்ணை மூடிக் கிடந்தார். புகையிலை போட்ட வாயில் புற்றுநோய். வலது கன்னத்தையும் பாதித் தாடையையும் எடுத்துவிட்டு, நெஞ்சுச் சதையைக் கொண்டுவந்து வைத்துத் தைத்திருந்தார்கள். நன்றாக ஆறி வந்த தையல்தான். இப்போது கட்டைப் பிரித்தாலே சீழ் வடிகிறது. பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் அந்த வாடை தாங்காமல் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள்.

"மூக்குக் குழாய்லதான் ஆகாரம், வாயில ஒரு சொட்டுத் தண்ணிகூடப் படக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! தையலுக்குள்ள பால் திரிஞ்சு கட்டி கட்டியா நிக்குது. ஒருநாள் குடுத்ததில்ல இது. வச்ச சதை அழுகிடுச்சு. ரத்தத்துலயும் கிருமி ஏறியிருக்கு."

"பொழச்சுக்கிடுவாகளா டாக்டர்?" சுகிர்தா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னொரு ஆபரேஷன் பண்ணணும். தாங்குவாரான்னு தெரியலம்மா."

டாக்டர் போனதும் சுகிர்தா நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"ஹெப்சிபா, மத்தியானம் நான் சாப்பிடப் போற நேரம் ஒன்ன நம்பித்தான விட்டுட்டுப் போறேன்? உண்மையச் சொல்லு."

ஹெப்சிபா அண்ணனைப் பார்த்தாள். அவர் கண்ணைத் திறந்திருந்தார். கடைவிழியில் வழிந்த கண்ணீர் கட்டுத்துணிக்குள் இறங்கியது.

"நான்தான் மதினி குடுத்தேன்."

"ஏட்டி!"

"தாகமா இருக்குன்னு அண்ணன் கையக் காமிச்சுது. மனசு கேக்கல."

சுகிர்தாவின் கை சுரீரென்று அவள் கன்னத்தில் இறங்கியது.

"பாசமாட்டி இது? கூடப்பொறந்தவளே எமனா வந்து வாச்சிருக்கியே! பிள்ளைகளுக்கு நான் என்னத்தச் சொல்லுவேன்? இனிமே இந்தப் படி ஏறாத. அவுக செத்தாலும் எம் மூஞ்சில முழிக்காத."

ஜேசுதாசன் தொண்டையில் ஏதோ உறுமினார். கைகளைத் தூக்கித் தங்கையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"பாத்தியா? அவுகளே ஒன்னக் கும்பிட்டுப் போகச் சொல்லுதாக. போ!"

ஹெப்சிபா பையை எடுத்துக்கொண்டு மெல்ல வெளியே வந்தாள். வராந்தாவில் இரண்டு நர்சுகள் அவளைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

தினமும் மத்தியானம் துணி அலசப் போகிறவள் நேற்று சீக்கிரமே திரும்பிவிட்டாள். குழாயில் ஊற்ற ஆற்றிவைத்த பாலை அண்ணன் தானே வாய்க்குள் தையல் மேல் சரித்துக்கொண்டு, வலியில் துடித்துக்கொண்டிருந்தார். அவள் தம்ளரைப் பிடுங்கியதும், மேலே கையைக் காட்டி, சுகிர்தாவின் தலையணையைக் காட்டி, 'போய்ச் சேர்ந்துவிடுகிறேன், அவளிடம் சொல்லிவிடாதே' என்று இதே மாதிரிதான் கும்பிட்டார்.

பஸ் கிளம்பிவிட்டது. நாளை மத்தியானம் சுகிர்தா சாப்பிடக் கீழே இறங்கும்போது, அந்தக் கையைப் பிடிக்க அங்கே யாரும் இருக்கப்போவதில்லை.