காட்டுக்கு விலை

காட்டுக்கு விலை போட ஆள் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டதுமே முத்தழகுவுக்கு வேலையே ஓடவில்லை.

இளையாத்தங்குடிக்குப் போகிற வழியில், கண்மாயை ஒட்டி ஊருக்குப் பொதுவாகப் பதினாலு ஏக்கர் காடு. அவளுடைய இருபத்திரண்டு ஆடுகளும் அதை நம்பித்தான் வயிறு வளர்க்கின்றன. காட்டுக்குக் கீழ்ப்புறம் இருக்கிற அவள் கிணற்றில் சித்திரையிலும் தண்ணீர் ஊறுவது அந்தக் காட்டின் தயவில்தான்.

அதைத்தான் முப்பது வருஷக் குத்தகைக்குக் கேட்டு ஒரு சோலார் கம்பெனி வந்திருந்தது. மரங்களை வெட்டிவிட்டுத் தகடு பதிப்பார்களாம். ஊரில் பாதிப் பேர் கொடுத்துவிடலாம் என்றார்கள்.

முடிவு எடுப்பதற்கு முன்னால் காட்டின் மதிப்பைக் கணக்கிட்டு வரச் சொல்லி, அரசு அதிகாரிகள் பெல்சி என்ற பெண்ணை அனுப்பியிருந்தார்கள். அவளும் வீடு வீடாகப் போய், காட்டிலிருந்து யாருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

அதுகூடப் பரவாயில்லை. அவளோடு சேவுகப்பெருமாள் அல்லவா அலைகிறார். இடம் வாங்கி விற்கிற தரகர். கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த வீடுகளையே கைமாற்றிவிட்ட கெட்டிக்காரர். முத்தழகுவுக்குத் தூரத்து மாமன் முறை.

"தேனை எழுதிட்டீகளா? வேப்பமுத்து விட்டுப்போச்சு பாருங்க. மரம் மண்ணைப் பிடிச்சு நிறுத்துறதாலதேன் கண்மாய் மேடாகாம கெடக்கு. தூர் வாருற செலவு மிச்சம்ல, அதையும் போடுங்க."

அவர் சொல்லச் சொல்ல பெல்சி எழுதினாள்.

முத்தழகுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விலை ஏறினால் தரகும் ஏறும். ஊர்ச் சொத்தை விற்றுத் தின்னக் கிளம்பிவிட்டாரே மனுஷன். பெரிய விலை வந்தால், வேண்டாம் என்கிற மிச்சப் பாதி ஊரும் மயங்கிவிடுமே.

அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். விற்க மனசில்லாத ஆட்டை யாராவது விலைக்குக் கேட்டால், அதற்குச் சீக்கு என்று சொல்லிவிடுவாள். வந்தவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவான்.

பெல்சி தன் வீட்டுக்கு வந்ததும் முத்தழகு அதையே செய்தாள்.

"அந்தக் காட்டுல என்னம்மா இருக்கு? மேஞ்சா ஆடு கழியுது. நான் அங்குட்டு ஓட்டுறதே இல்ல. என் கெணறும் பங்குனியிலயே வத்திரும். கெடக்குற தண்ணியும் உப்பு."

சேவுகப்பெருமாள் அவளை ஒரு பார்வை பார்த்தார்.

ஒரு மாதம் கழித்து ஊர்க்கூட்டம். குத்தகை தருவது மட்டும் போதாது, காடு போவதால் ஊருக்கு ஆகும் நஷ்டத்தையும் கம்பெனி வருஷா வருஷம் ஈடுகட்ட வேண்டும் என்று பெல்சியோடு வந்த அதிகாரி சொன்னார். இப்படி ஒரு நிபந்தனை இருப்பதே முத்தழகுவுக்கு அப்போதுதான் தெரியும்.

பெல்சி கணக்கை வாசித்தாள். கம்பெனி தருவதாகச் சொன்ன குத்தகை வருஷத்துக்கு நாலு லட்சம். காடு ஊருக்குச் சத்தமில்லாமல் கொடுத்துக்கொண்டிருப்பது பதினொரு லட்சம்.

கம்பெனிக்காரர் ஃபைலை மூடினார். கட்டுப்படியாகாது, வேறு பொட்டல் நிலம் பார்த்துக்கொள்கிறோம் என்று கைகூப்பிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். கொடுத்துவிடலாம் என்று குதித்தவர்களும் பதினொரு லட்சத்தைக் கேட்டபின் அவரைத் தடுக்கப் போகவில்லை.

முத்தழகுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. மதிப்பு ஏறியதால்தான் காடு தப்பித்திருக்கிறது. அவளோ அதை இறக்கிவிடப் பார்த்திருக்கிறாள்.

பதறிப்போய் பெல்சியிடம் ஓடினாள். "நான் சொன்னதை என்னம்மா செஞ்சீக?"

பெல்சி சிரித்தாள். "மறுநாள் உங்க மாமா என்னைக் கூட்டிட்டுப் போய், உங்க ஆடெல்லாம் காட்டுக்குள்ள மேயுறதைக் காட்டினார். உங்க கிணத்துல ஒரு சொம்புத் தண்ணி மொண்டு குடிக்கவும் கொடுத்தார். அன்னைக்கே மாத்தி எழுதிட்டேன்."

சேவுகப்பெருமாள் கிளம்புவதற்காக வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். முத்தழகு போய் முன்னால் நின்றாள். முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. கைகளைக் கூப்பினாள்.

"வித்துத் திங்கப் போறீகன்னு உங்களைத் தப்பா நெனைச்சுட்டேன் மாமா. கெடைக்க இருந்த தரகையும் விட்டுப்புட்டு, காட்டைக் காப்பாத்திக் குடுத்துட்டீக."

"என்னையக் கும்புடாத, கையைக் கீழ போடுத்தா," என்றார் அவர். "சும்மா கெடக்குற எடம்னு சொல்லி, அந்தக் கம்பெனிக்காரனைக் கூட்டியாந்து காட்டுனதே நாந்தேன். அந்தப் பிள்ள நாலு வீட்டுல எழுதுனதைக் கேட்ட பெறகுதேன், அது சும்மா கெடக்கலேன்னு எனக்கே வெளங்குச்சு."